வெர்னனின் தொப்பி

கார்பின் ஸ்டக்கிக்குப் பத்தொன்பது வயசு. தாடையில் பரு இன்னும் ஆறவில்லை. ஆனாலும் சபைக்கு ஆள் சேர்க்கும் ஊழியத்துக்குப் பையன்களைத் தயார்செய்யும் ப்ரோவோ பயிற்சி நிலையத்தின் வாசலில் அம்மா காரிலிருந்து இறக்கிவிட்ட நிமிஷத்திலிருந்து அவன் மூப்பர் ஸ்டக்கி. கறுப்புப் பெயர்ப்பட்டையைச் சட்டைப்பையில் மாட்டியதோடு கார்பின் என்கிற ஆள் காணாமல் போனான். அங்கே பையன்கள் எல்லாருமே மூப்பர்கள்தான், சாப்பாட்டுக்கூடத்தில் சாக்லேட் பாலுக்கு முண்டியடிக்கிற மூப்பர்கள்.

கார்பினுக்கு வீட்டுக்குப் போக வேண்டும். விஷயம் அவ்வளவுதான். ஊழியத்துக்குப் போகிறாயா என்று அவனை யாரும் கேட்டதில்லை. அப்பா போனார், அண்ணன் போனான், அவனும் கோட்டு தைத்துக்கொண்டான். உருகி ஜெபம் பண்ணு, பதில் வரும் என்றார்கள். பண்ணினான். திரும்பத் திரும்ப ஒரே பதில்தான் வந்தது: வீட்டுக்குப் போ. இந்தப் பதிலை யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது?

அம்மாவிடம் முடியாது. சொந்த ஊரான கனாபில் சபைக் கட்டடத்தின் நடைவழியில் அவன் படத்தை மாட்டி, பக்கத்தில் அவன் ஊழியத்துக்குப் போக வேண்டிய ஒஹாயோவின் வரைபடத்தையும் ஒட்டியாகிவிட்டது. வழியனுப்பு விழாவில் ஊரே கூடி உருளைக்கிழங்கு பாலாடைக்கட்டித் தட்டுகளைக் காலி செய்தது. அதே ஊரில் டென்னி வீட்டுப் பையன் ஊழியத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்தான். வருஷங்கள் ஆகியும் மளிகைக்கடையில் அவன் கையைப் பிடித்து, "இப்ப உடம்பு தேவலையாப்பா?" என்று விசாரிக்கிறார்கள். திரும்பி வருவதற்கு அந்த ஊருக்குத் தெரிந்த கௌரவமான காரணம் வியாதி ஒன்றுதான்.

ஜோடி மூப்பரான ஹால்வர்சனிடமும் முடியாது. ஜோடியைக் கண்பார்வையை விட்டு விலக விடக்கூடாது என்பது சட்டம். ஹால்வர்சன் அதைக் கக்கூஸ் கதவுவரை கடைப்பிடித்தான். வெளியே நின்று பக்திப்பாட்டு முனகுவான். சட்டையோடு சேர்த்துச் சிரிப்பையும் இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்ட பையன். அவனிடம் ஒன்றைச் சொன்னால் அடுத்த மணி நேரத்தில், அன்பின் மிகுதியால், தலைவரிடம் சொல்லிவிடுவான்.

மிச்சம் இருந்தது வெர்னன்.

வெர்னன் ஐம்பது வயசு லாரி மெக்கானிக். மனைவி செத்ததிலிருந்து கடவுளோடு பேச்சுவார்த்தை இல்லை. உண்மையில் அவர் அவர்களுடைய ஆசிரியர் ஈக்கின்ஸ். இருபத்திரண்டு வயசு, போன வருஷம்தான் ஊழியம் முடித்து வந்தவர். தினமும் மத்தியானம் கிரீஸ் பிசுக்குத் தொப்பி ஒன்றைத் தலையில் வைத்துக்கொள்வார். உடனே வெர்னன் ஆகிவிடுவார். பையன்கள் கதவைத் தட்டி உள்ளே போய் அவரை மனம் திருப்பிப் பழக வேண்டும். தொப்பி தலையில் இருக்கும்வரை ஈக்கின்ஸ் என்று ஒருவர் கிடையாது. தொப்பியைக் கழற்றியபின் வெர்னன் காதில் விழுந்தது எதுவும் ஈக்கின்ஸுக்குத் தெரியாது. இந்த விளையாட்டை அங்கே யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. கார்பினும் எடுத்துக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை பாடத்தை ஹால்வர்சன்தான் ஆரம்பித்தான்.

"வெர்னன், உங்க மனைவியோட நித்தியத்துக்கும் சேர்ந்து இருக்கலாம்னு சொன்னா உங்களுக்கு எப்படி இருக்கும்?"

"அதை அவகிட்டல்ல கேக்கணும்," என்றார் வெர்னன். பிறகு கார்பின் பக்கம் திரும்பினார். "இந்தத் தம்பி ஏன் பேசவே மாட்டேங்குது?"

கார்பின் பிசுக்குத் தொப்பியைப் பார்த்தான். பேச இவரை விட்டால் ஆளில்லை என்று தோன்றியது.

"எனக்கு வீட்டுக்குப் போகணும் சார். இங்க எதுக்கு வந்தேன்னே தெரியல. எல்லாரும் சிரிக்கிறாங்க, நானும் சிரிக்கிறேன். வாய் வலிக்குது." சொல்லும்போதே தொண்டை அடைத்து, கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

வெர்னன் முன்னால் குனிந்தார். "வேற யார்கிட்டயாவது சொன்னியா தம்பி?"

"உங்ககிட்ட மட்டும்தான்."

ஹால்வர்சன் சந்தர்ப்பத்தை நழுவவிடுகிற ஆள் இல்லை. "பாத்தீங்களா வெர்னன், உங்களுக்காக இவர் எவ்வளவு தியாகம் பண்றார்? சனிக்கிழமை ஞானஸ்நானம் எடுத்துக்கிறீங்களா?"

"ம்? சரி, சரி," என்றார் வெர்னன், கார்பின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

அதுவரை எந்த மூப்பருக்கும் மசியாத வெர்னன். சாயங்காலச் சாப்பாட்டுக்குள் சேதி நிலையம் பூராவும் பரவிவிட்டது. முன்பின் தெரியாத பையன்கள் வந்து கார்பின் முதுகில் தட்டினார்கள். மறுநாள் எல்லா அறைகளிலும் அதே உத்தி, ஒரே அழுகை. வந்த நாளிலிருந்து ஐஸ்கிரீம் இயந்திரத்தை விட்டு நகராத தடியன் ஒருவன், "எனக்கு வீட்டுக்குப் போகணும்," என்று தேம்பினான். அவனுக்கு ஞானஸ்நானம் சிக்கவில்லை. முகம் துடைத்துக்கொள்ளக் காகிதக் கைக்குட்டைதான் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை கார்பின் துணிந்து கிளைத் தலைவர் ரோலின்ஸிடம் போனான். ஹால்வர்சனும் கூடவே வந்தான்; வராமல் இருப்பானா? ரோலின்ஸ் ஓய்வுபெற்ற பல் டாக்டர், தங்கமான மனுஷர்.

"தலைவரே, எனக்கு வீட்டுக்குப் போகணும்."

ரோலின்ஸ் கண்ணை மூடி, நெஞ்சில் கை வைத்துக் கேட்டார். "பிரமாதம். அந்தத் தொண்டை கம்முற இடம் இருக்கே, எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு."

"நடிக்கல தலைவரே."

"அதைத்தானே சொல்றேன். நடிப்புன்னே தெரியல. செவ்வாய்க்கிழமை பெரிய கூடத்துல எல்லாருக்கும் செஞ்சு காட்டு. கடைசியில அந்தக் கண்ணீரை மறந்துடாதே."

கார்பின் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான். பொய் சொன்னால் கண்டுபிடிப்பார்கள் என்று அவன் சின்ன வயசிலிருந்து பயந்திருக்கிறான். உண்மையைச் சொல்லி இப்படி மாட்டிக்கொள்வோம் என்று நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் வகுப்பறையில் அவனும் ஹால்வர்சனும் மட்டும் இருந்தார்கள். சாயங்காலம் பெரிய கூடத்தில் நிகழ்ச்சி என்பதால் அன்றைக்குப் பாடம் கிடையாது. ஆனாலும் தொப்பியோடு உள்ளே வந்தார் வெர்னன். நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"தம்பி, அன்னைக்குச் சொன்னது நெசந்தானே?"

"நெசம் சார்."

"எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு. கடவுள் விஷயமெல்லாம் எனக்குத் தெரியாது. வண்டி போடுற சத்தத்தை வச்சு எங்க கோளாறுன்னு சொல்லிடுவேன்."

அத்தனை விசுவாசிகள் இருந்த கட்டடத்தில் அவன் சொன்னதை நம்பியது ஓர் அவிசுவாசி, அதுவும் இல்லாத ஆள். கார்பினுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

ஈக்கின்ஸ் தொப்பியைக் கழற்றி அவன் தலையில் வைத்தார். "இது இருக்குற வரைக்கும் நீ மூப்பர் கிடையாது. உன் பேரு என்ன?"

சட்டென்று வாயில் வரவில்லை. "கார்பின்."

"கார்பின், உங்கப்பாவுக்குப் போன் போடுவோமா?"

அப்பா வைக்கோல் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். இன்ஜின் இரைச்சலுக்கு மேல் கார்பின் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"உடம்புக்கு என்னடா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்லப்பா. எனக்கு வரணும், அவ்வளவுதான்."

இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு இன்ஜின் நின்றது.

"படத்தைக் கழட்டுனா அம்மா ரெண்டு நாள் அழுவா," என்றார் அப்பா. "அழட்டும். நான் பாத்துக்கிறேன். எந்த வாசல்ல வந்து நிக்கணும், அதைச் சொல்லு."

கார்பின் போனை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டான். அப்போதுதான் ஹால்வர்சன் ஞாபகம் வந்தது. சட்டப்படி அவன் அங்கேதான், சுவரோரமாக, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றான். இனி நேரே தலைவரிடம்தான் ஓடுவான் என்று நினைத்தான் கார்பின்.

ஹால்வர்சன் ஓடவில்லை. அவன் முகத்தில் அந்தச் சிரிப்பும் இல்லை. மெதுவாகக் கிட்டே வந்து கையை நீட்டினான்.

"அந்தத் தொப்பியை எனக்கும் கொஞ்சம் குடேன்," என்றான். "என் பேரு லேன்."