பகல் விலைபோகாது

என் புருஷன் வீட்டைவிட்டு நான் கிளம்பியது நடுப்பகலில். பெட்டியைக் கூடத்தில் வைத்து, மாமியாரிடம் சொல்லிக்கொண்டு, வாசல் கதவை அகலத் திறந்து, வாடகை வண்டியைக் கைதட்டி நிறுத்தி ஏறினேன். எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் "எங்க கெளம்பிட்டே?" என்று கேட்கக்கூடச் செய்தாள். மூன்று வயது மகளை மாமியார் இடுப்பில் இறுக்கிக்கொண்டு தரமாட்டேன் என்றாள். கோர்ட்டில் கேட்டு வாங்கிக்கொள்கிறேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் படியிறங்கினேன். இதில் ராத்திரி எங்கே வந்தது?

வந்ததே. மாமியார், நாத்தனார், புருஷன் மூன்று பேரும் கோர்ட்டில் ஒரே குரலில், குழந்தை தூங்கும்போது ராத்திரியோடு ராத்திரியாக ஓடிப்போனாள் என்றார்கள். எதிர்வீட்டுக்காரி அன்று வீட்டிலேயே இல்லையாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள். கோர்ட்டும் அதைச் சாப்பிட்டு ஏப்பம் விட்டது. தூங்குகிற பிள்ளையைப் போட்டுவிட்டு ஓடியவளிடம் யார் பிள்ளையைக் கொடுப்பார்கள்?

மகள் அங்கேயே வளர்ந்தாள், அந்தக் கதையையே கேட்டு வளர்ந்தாள். படிக்க வெளிநாடு போனவள் அங்கேயே வேலையும் பார்க்கிறாள். நம் மொழியைப் பேசுவாள், படிக்கத் தெரியாது. நான் போன் செய்தால் எடுக்கமாட்டாள். ஒரே ஒரு முறை எடுத்தாள். "நான் பகல்லதான் கண்ணு..." என்று ஆரம்பித்ததும் வைத்துவிட்டாள்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். வட்டமாக வரும் கண்ணாடியை ஃபிரேமின் அளவுக்கு இழைத்துப் பொருத்தும் வேலை. கொஞ்சம் கூடுதலாக இழைத்துவிட்டாலும் ஃபிரேமில் நிற்காது, கழன்று விழும். ஊரார் கண்ணுக்கெல்லாம் அளவு பார்த்தவளை ஒருத்தரும் ஒழுங்காகப் பார்க்கவில்லை என்ற எரிச்சல் எனக்கு நிறைய உண்டு.

என் தங்கை எழுத்தாளர். பரிசெல்லாம் வாங்கிவிட்டாள், ஆனாலும் எங்கள் வீட்டில் இன்னும் சின்னவள்தான். என் கதையை நாவலாக எழுதட்டுமா என்று அவள் கேட்டபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டேன்.

"உள்ள என்ன வேணா எழுதிக்கோ. நாலு பொய்கூட சேத்துக்கோ. ஆனா அட்டையப் பாத்தாலே நான் எப்பக் கெளம்பினேன்னு தெரியணும்."

அதனால்தான் 'நடுப்பகலில் கிளம்பினேன்' என்று பெயர் வைத்தாள். கடை முதலாளி ஒரு பிரதி வாங்கிக் கல்லாவுக்குப் பக்கத்தில் நிற்கவைத்தார். என் அம்மாகூட, "பகல்லதானே போனே, எனக்குத் தெரியுமே" என்றாள். கோர்ட்டுக்குக் கூப்பிட்டபோது அந்தத் தெரிதல் எங்கே போயிருந்ததோ!

அடுத்த வருஷம், மகள் இருக்கிற நாட்டின் பதிப்பாளர் ஒருவர் அதை மொழிபெயர்த்து வெளியிடக் கேட்டார். பழம் நழுவிப் பாலில் விழுந்தது. இனி அவளுக்கு நான் எதையும் விளக்க வேண்டாம், புத்தகமே அவள் தெருவுக்குப் போய்ச் சொல்லிவிடும். அன்று ஒருவருக்கு இடக்கண் கண்ணாடியை வலப்பக்கம் மாட்டிக் கொடுத்துவிட்டேன், அவ்வளவு சந்தோஷம்.

புத்தகம் வந்ததும் சின்னவள் கொண்டுவந்தாள். அட்டையில் நிலா. தலைமுடி பறக்க, செருப்பில்லாமல், முதுகைக் காட்டிக்கொண்டு ஒருத்தி ஓடுகிறாள். என்னைவிட ஒரு முழம் உயரம்.

"பேரு என்னடி போட்டிருக்கு?"

சின்னவள் சுவரைப் பார்த்தாள். "ஓடிப்போனவளின் இரவு."

அவளே தொடர்ந்தாள். "அங்க தலைப்ப விக்கிறவங்கதான் முடிவு பண்ணுவாங்கக்கா. ஒப்பந்தமே அப்படித்தான். பகல்னு போட்டா பயணக் கட்டுரைன்னு நெனச்சுப்பாங்களாம். ராத்திரின்னாதான் கையில எடுப்பாங்களாம்."

"நீ வாயத் தெறக்கலையா?"

"ரெண்டு தடவ சொல்லிப் பாத்தேன். புத்தகமே நின்னுடும்னாங்க. உள்ள ஒரு எழுத்துகூட மாத்தலக்கா, சத்தியமா."

"உள்ள எவடி பாக்கப்போறா?"

மாமியார் கோர்ட்டில் சொன்னதை என் கூடப்பிறந்தவளே அச்சடித்துக் கையில் கொடுக்கிறாள். மாமியாராவது வாயால் சொன்னதோடு விட்டாள். சின்னவள் அழுதாள். அழட்டும் என்று விட்டுவிட்டேன். போகும்போது, மகளுக்கும் ஒரு பிரதி அனுப்பியாகிவிட்டது என்றாள். இதே அட்டையோடு! ஆனாலும் பாழாய்ப்போன ஆசை விடவில்லை. பிரித்தால் முதல் பக்கத்திலேயே வெயில் அடிக்கிறதே, அதையாவது படிக்கமாட்டாளா என்று காத்திருந்தேன்.

கண்ணாடி இழைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மகள். இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கடையின் பின்பக்கம் ஓடினேன்.

"நான்தான் பேசறேன்," என்றாள். "புக்கு வந்துச்சு."

"படிச்சியா கண்ணு?"

"இல்ல. பேரப் பாத்ததுமே அழுதுட்டேன். கடைசில நீங்களே ஒத்துக்கிட்டீங்களேன்னு. நீங்க போனதுக்காக எனக்குக் கோபம் இல்ல. இத்தன வருஷமா பொய் சொன்னீங்களே, அதுக்குத்தான். இப்ப ஒண்ணும் இல்லம்மா. எல்லாம் போயிடுச்சு."

அம்மா என்றாள். அந்த ஒரு சொல்லுக்காக நான் எத்தனை பேர் காலில் விழுந்திருப்பேன்! சந்தோஷமும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"மொதப் பக்கத்த மட்டும் படிச்சுப் பாரேன் கண்ணு. நான் பகல்லதான்..."

குரல் உடனே மாறியது. "திரும்பவும் ஆரம்பிக்கிறீங்களா? வெச்சிடவா?"

"வேண்டாம், வேண்டாம். வெச்சிடாத."

முன்பக்கத்தில் முதலாளி யாரையோ எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். நியாயம் முழுக்க என் பக்கம் இருந்தது, மகள் அந்தப் பக்கம் இருந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்," என்றாள் மெதுவாக. "நீங்க போனப்ப நான் தூங்கிட்டா இருந்தேன்?"

அன்று என் விரலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று அலறினாள். நாத்தனார்தான் அவள் பிஞ்சு விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

"ஆமா கண்ணு," என்றேன். "நல்லா தூங்கிட்டிருந்தே. எழுப்ப மனசு வரல."