மேல் பொத்தான்

1

இந்தக் கதை என் தோள்வலியில் பிறந்தது. எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி அறையைத் திரை போட்டுப் பிரித்து, செவ்வாய்க்கிழமைகளில் ஓர் இயன்முறை மருத்துவரை உட்கார வைத்திருந்தார்கள். முன்பெல்லாம் இதற்கு மூன்று பேருந்து மாறிப் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். திரைக்கு அந்தப் பக்கம் குழந்தைகள் அலற, இந்தப் பக்கம் நான் கையைத் தூக்கிக்கொண்டிருந்தேன். (நானும் அலறியிருப்பேன், வயது தடுத்தது.)

எனக்கு அடுத்த நாற்காலியில் ஒரு பேருந்து ஓட்டுநர். பக்கவாதம் வந்து வலது கை விழுந்துபோனவர். பக்கத்தில் அவர் மனைவி.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'ஒரு காலத்தில் அவ்வளவு பெரிய வண்டியை அநாயாசமாக வளைத்த அந்தக் கை, இன்று...'

வேண்டாம். அழவைக்கப் பார்க்கிறேன் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். மேலும், அவர் கேட்டது வண்டியை அல்ல.

"சட்டைப் பொத்தான நானே போட்டுக்கணும் டாக்டர். மேல் பொத்தான் உட்பட. அது போதும்."

3

மருத்துவர் ஒரு தாள் கொடுத்திருந்தார். தினமும் இருபது முறை கையைத் தூக்க வேண்டும், கட்டத்தில் குறி போட வேண்டும். ஆறு வாரத்தில் ஒரு கட்டம்கூட விடுபடவில்லை. கை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

"வீட்ல எப்படிப் பண்றீங்க? காட்டுங்க."

மனைவி எழுந்தார். கணவரின் கையைத் தாங்கிப் பிடித்துத் தூக்கினார், இறக்கினார், மறுபடி தூக்கினார்.

"இருபது தடவையும் நீங்களேவா தூக்குறீங்க?"

"பின்ன? அவருக்குத்தான் வராதே."

"சீக்கிரம் முடியுதேன்னு நானும் பேசாம இருந்துட்டேன்," என்றார் ஓட்டுநர்.

மருத்துவர் தாளைப் பார்த்தார். "தப்பு என்மேல. யார் தூக்கணும்னு இதுல எழுதவே இல்ல."

மனைவியின் கண் கலங்கிவிட்டது. "அப்ப ஆறு வாரமும் வீணா?"

"இல்லம்மா. மூட்டு இறுகாம இருக்குன்னா அது உங்களாலதான். இனிமே உங்களுக்கும் ஒரு பயிற்சி. கையப் பின்னால கட்டிக்கிட்டு நிக்கணும்."

"எவ்வளவு நேரம்?"

"அவர் பொத்தான் போட்டு முடிக்கிற வரைக்கும்."

4

அந்த அம்மாள்மேல் எனக்குக் கோபம் வந்தது, உண்மை. வீட்டுக்கு வந்து என் வரைவுகளைப் புரட்டினேன். முதல் முடிவில் ஓட்டுநர் எல்லாப் பொத்தான்களையும் போட்டுவிடுகிறார். இரண்டாவதில் மேல் பொத்தானை மட்டும். மூன்றாவதில் மறுபடி வண்டியே ஓட்டுகிறார். (இதை என் மனைவி பாதியிலேயே கீழே வைத்துவிட்டாள்.)

மூன்றிலும் அவர் கையைத் தூக்கியது நான்தான். கட்டத்தில் குறியும் போட்டிருந்தேன்.

5

ஆகவே, நான் பார்க்காத ஒரு காலை நேரம். கண்ணாடி முன் ஓட்டுநர். கதவோரம் மனைவி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு. பொத்தான் காஜாவின் விளிம்புவரை வந்து நழுவுகிறது.

"நான் ஒண்ணும் பண்ணலைங்க."

"தெரியுது. நில்லு."

விரல்கள் மறுபடி மேலே போகின்றன. பாதியில் நிற்கின்றன. நடுங்குகின்றன.

பேனாவை மூடிவிட்டேன். உங்களுக்கும் கை பரபரக்கும். தயவுசெய்து பின்னால் கட்டிக்கொள்ளுங்கள்.