செராபிஸ் கோயிலுக்குள் இறந்தவர்கள்

மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் வின்சென்ற் ஸ்டென்சில் தாள்களை மேசையில் வைத்தான். கடல்கடந்து வந்த நாட்டில், பென்ரோஸ் என்ற நகர்ப்பகுதியில் அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலை அது. அவனும் மகேசனும் ஒரே ஊர்க்காரர்கள். ஊரில் சரித்திர வாத்தியாராக இருந்த மகேசன் அங்குள்ள தமிழ்ச் சங்கத்துச் சஞ்சிகைக்குக் கட்டுரை எழுதுவார். கையெழுத்து அழகு என்பதால் அதை அச்சுக்காக ஸ்டென்சிலில் படியெடுப்பது வின்சென்ற்.

இந்த முறை, பண்டைய அலெக்சாந்திரியாவில் கிறிஸ்தவர்கள் செராபிஸ் என்ற தெய்வத்தின் கோயிலை இடித்த கதை. தெய்வத்தின் தாடையில் கோடரி விழுந்தது, துண்டு துண்டாகத் தெருவில் இழுத்துப்போய் எரித்தது எல்லாம் இருந்தது.

“மகேசண்ணை, அதுக்கு முதல் கோயில்காரர் உள்ளுக்குக் கிறிஸ்தவ ஆக்களை அடைச்சு, பலி குடுக்கச் சொல்லிக் காலை முறிச்சுக் கொலை செய்தவை. சுவாமியாரிட்ட வாங்கின புத்தகத்தில கிடக்கு. ஏன் எழுதேல்லை?”

“அது பாதிரிமார் எழுதினது.”

“நீங்கள் எழுதினது மற்றப் பக்கத்தார் எழுதினதுதானே?”

மகேசன் சோற்றைப் பிசைந்தபடி இருந்தார். இரண்டு பக்கத்தார் எழுதியதையும் அவர் படித்திருந்தார். இரண்டிலும் அவரவர் பிணங்கள் மட்டுமே கிடந்தன. அடுத்தவன் பிணத்தைத் தாண்டி எழுதுவது எவ்வளவு சுலபம் என்று அவருக்குத் தெரியும். அறுபத்தைந்தாம் ஆண்டில் தேவாலயத்துப் பெடியள் ஊர்க் கோயில் தேரை எரித்தார்கள். மறுநாள் கோயில் பக்கத்து ஆட்கள் வின்சென்ற்றின் அண்ணன் றொபேட்டைக் கோயில் மடத்துக்குள் இழுத்துப்போய் உலக்கையால் அடித்துக் கொன்றார்கள். யார் யாரென்று ஊரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு கும்பாபிஷேக மலரில் ஊர்ச் சரித்திரம் எழுதிய மகேசன் தேருக்கு மூன்று பக்கம் கொடுத்தார். றொபேட்டுக்கு ஒரு வரியும் இல்லை.

“அண்டைக்கு மடத்துக் கதவைப் பிடிச்சுக்கொண்டு நிண்டது நான்,” என்றார்.

வின்சென்ற் எழுந்தான். இருந்த இரும்பு நாற்காலியைத் தூக்கி அடித்தான். மகேசனின் புருவம் பிளந்தது. விழுந்தவரின் நெஞ்சில் முழங்காலை ஊன்றி முகத்தில் குத்தினான். பல் உடைந்த சத்தம் அவனுக்கே கேட்டது. உடன் வேலைசெய்யும் இரண்டு சமோவாத் தீவுக்காரர் ஓடிவந்து பிரிக்கும்வரை மகேசன் கையை உயர்த்தவில்லை.

“அண்ணன் கடைசியா என்ன சொன்னவன்? சொல்லடா.”

“தண்ணி கேட்டவன்.”

“நீ?”

மகேசன் வாயிலிருந்த இரத்தத்தை விழுங்கினார். “கதவைத் திறக்கேல்லை.”

“வேற ஆர் ஆர்?”

“ஏழு பேர். எழுதித் தாறன்.”

“உன்ரை பேரை முதல் எழுது.”

வின்சென்ற் கைகளை உதறிக்கொண்டு வெளியே போனான். முற்றத்தில் மழை கொட்டியது. லொறிகளுக்கு நடுவே, வழியை மறித்தபடி, அவன் வெறுந்தலையோடு நின்றான். பெட்டிகள் ஏற்றிய ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஒன்று அவனுக்கு முன்னால் வந்து நின்றது. ஓட்டியவன் ஹோர்ன் அடிக்கவில்லை. நனைந்த அட்டைப்பெட்டிகள் மெல்ல மெல்ல ஒரு பக்கமாகச் சரியத் தொடங்கின.