ஈரக்கழிவு போக ஒரு கோழி

1

இப்போது எதற்கெடுத்தாலும் நன்றி சொல்கிறார்கள். வழிவிட்டால் நன்றி, வழிவிடாமல் நின்றாலும் நன்றி. காலையில் கைப்பேசியைத் திறந்தால் இரண்டு கை கும்பிடுகிற படம், நாற்பது பேருக்கு ஒரே தட்டில் அனுப்பியது. போன மாதம், சுற்றுலாக்காரர்கள் வருகிற கியா பார்மில், ஒரு பெண் ஸ்ட்ராபெரிச் செடிக்கு நன்றி சொல்லிக்கொண்டே படம் எடுத்தது. பக்கத்துச் செடியை மிதித்துக்கொண்டு நின்றது.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு வருஷா வருஷம் ஒரு விழா மலர் போடுகிறார்கள். தொகுப்பவர் சாரதா டீச்சர், தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இந்த வருஷத் தலைப்பு 'நன்றி'. லயத்து வரிசை வீடுகளில் ஆளுக்கு ஒரு பக்கம் என்று கேட்டுக்கொண்டு வந்தவர், இருளப்பனைப் பார்த்து, உங்கள் கோழியைப் பற்றி எழுதுங்கள் என்றார். மூன்றாம் வகுப்போடு நின்றவன் என்று அவன் சொல்லிப் பார்த்தான். நாற்பது வருஷம் கொழுந்து எடை எழுதின கைதானே என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இருளப்பன் என்பது இதை எழுதுகிறவன். தேயிலைத் தோட்டத்தில் மண்டோராக இருந்தவன். ஆட்களை மேய்த்து, கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி போட, அவர்கள் பறித்ததை நிறுத்து எழுதியவன். 'நான்' என்று எழுதச் சொன்னார் டீச்சர். முடியாது. நான் என்று ஆரம்பிக்கிற எவனும் தராசைத் தன் பக்கம் சாய்ப்பான். தள்ளி நிறுத்தி இருளப்பன் என்று வைத்தால் அவனையும் கொஞ்சம் சந்தேகமாகப் பார்க்கலாம். வாசிக்கிற நீங்களும் அப்படியே பாருங்கள்.

2

முதல் ஆரம்பம்: 'பனி மூடிய மலைச்சரிவில் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல்...'

அடித்தாயிற்று. தேயிலையைக் கம்பளம் என்கிறவன் மழையில் கூடையோடு அதில் ஏறியதில்லை.

இரண்டாவது: 'உயிர்கள் அனைத்தும் ஒன்றே என்பதை எனக்கு உணர்த்திய...'

இதுவும் போகட்டும். கோழி எதையும் உணர்த்தவில்லை. அது சாகக் கிடந்தது.

மூன்றாவது: அந்தக் கோழி ஒரு நாள் காலையில் சமையல்கட்டுப் படிக்கு வரவில்லை.

இது இருக்கட்டும். இதுதான் நடந்தது.

3

கறுப்பும் செம்பட்டையும் கலந்த கம்போங் கோழி, நாட்டுக்கோழிதான். ஆறு வயசு. முட்டையிடுவதை விட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பெயர் கிடையாது. (டீச்சர் லெட்சுமி என்று வைக்கச் சொன்னார். பெயர் வைத்தால் கூப்பிட வேண்டும். கூப்பிட்டு அது வராவிட்டால் யாருக்கு அவமானம்?)

ஆறு வருஷமாக ஒவ்வொரு காலையும் அது படியில் வந்து நின்று, தலையைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் அவனைப் பார்க்கும். காரியம் இல்லாமல் அவனை யாரும் பார்த்ததில்லை. கோழிக்கும் காரியம் உண்டு, பழைய சோறு. ஆனால் அதை மறைக்காது. அந்த லயத்தில் அவன் நம்பின ஒரே உயிர் அதுதான்.

அன்று கூண்டின் மூலையில் உப்பிக்கொண்டு, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றது. தூக்கினால் கையில் வெறும் இறகுதான். நெஞ்செலும்பு கத்தி முனை மாதிரி குத்தியது. இருளப்பனுக்கு உடனே தோன்றியது, யாரோ எதையோ கொடுத்துவிட்டார்கள் என்பதுதான். நேரே பக்கத்து வீட்டுக்குப் போய் வடிவம்மாளிடம், வேலிக்கு இந்தப் பக்கம் என்னத்தை வீசினாய் என்று கேட்டான்.

வடிவம்மாள் முப்பது வருஷம் அவன் பார்வையில் கொழுந்து பறித்தவள். இப்போது திரிங்காப்பில் ஒரு பூத்தோட்டத்தில் பூக்களைக் கட்டுக் கட்டுகிறாள். காலையில் லோரி வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும். அவள் வந்து கோழியை வாங்கி மடியில் வைத்து, இரண்டு கட்டைவிரலாலும் இறகை விலக்கினாள். தோலெல்லாம் பேன். தலையின் பின்பக்கம் கொத்து வாங்கிய புண்.

கூண்டில் கூட இருக்கிற இளங்கோழிகள் இதைத் தின்ன விடுவதில்லை என்று அவள் சொன்னாள். தட்டு நிறையக் கொட்டிவிட்டு உள்ளே போய்விடுகிறீர்கள், யார் தின்றது என்று பார்த்தீர்களா என்பதையும், அவளுடைய பாஷையில், கேட்டாள்.

"நாப்பது வருஷம் ஆள மேச்ச மண்டோரு. நாலு கோழிய மேக்கத் தெரியல."

4

இந்த இடத்தில் எழுதுகிறவனுக்கு ஒரு தடங்கல். வடிவம்மாளை நம்ப முடியவில்லை. கதையில் வருகிற ஆளாகத்தான். பழி சொன்னவன் வீட்டுக்கு எதற்காக ஒருத்தி தினமும் வர வேண்டும்? ஏதாவது காரணம் வையுங்கள், வாசகர் கேட்பார்கள் என்றார் டீச்சர். மூன்று நாள் யோசித்தான். அவனிடமிருந்து அவளுக்கு ஆக வேண்டியது ஒன்றுமில்லை. கோழிமேல் பெரிய பாசமும் இல்லை. தீபாவளிக்குத் தன் வீட்டில் மூன்றை அறுத்தவள். காரணம் கிடைக்கவில்லை. வந்தாள் என்று மட்டும் எழுதுகிறான்.

பிஸ்கட் பெட்டியில் பழைய துணி போட்டு, மேலே பல்பு தொங்கவிட்டாள். இந்தக் குளிரில் தின்கிறதெல்லாம் சூட்டுக்கே செலவாகிவிடும், உடம்பில் ஒட்டாது என்றாள். அடுப்புச் சாம்பலைச் சலித்து இறகுக்குள் தேய்த்தாள். பிரிஞ்சாங் கடையில் பூச்சி மருந்து வாங்கி வரச் சொன்னாள். கஞ்சியில் அவித்த மஞ்சள் கருவையும் சின்ன வெங்காயத்தையும் மசித்து, அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விடச் சொல்லிக் கொடுத்தாள். நேராக ஊற்றினால் மூச்சுக்குள் போய்விடுமாம்.

கோழிக்கே முட்டையா என்று இருளப்பன் கேட்டான்.

"அது கேக்கல. நீங்க ஏன் கேக்குறீங்க?"

எடை பார்ப்பது மட்டும் அவன் யோசனை. ஒரு காய்கறித் தோட்டத்தில் கழித்துப் போட்ட ஐந்து கிலோ முள்தராசு அவனிடம் இருந்தது. முதல் நாள் கோழியைச் சாரத்துணியில் தூளி கட்டி மாட்டினான். ஒரு கிலோ நூற்றைம்பது. பள்ளிக்கூட நோட்டில் எழுதினான். எழுதியதற்குக் கீழே கோடு போட்டு ஒரு முடிவும் எடுத்தான்: ஒரு கிலோவுக்குக் கீழே இறங்கினால் அறுத்துவிடுவது. தேறாத உயிரைப் பல்புக்குக் கீழே வைத்து வதைக்கக் கூடாது.*

* இதை வடிவம்மாளிடம் சொல்லவில்லை. சொன்னால் தராசை ஒளித்துவைப்பாள் என்று நினைத்தான்.

5

மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. நவம்பர் மழை, விடாது. ஒரு வாரத்தில் நோட்டில் ஒரு கிலோ ஐம்பது. பன்னிரண்டாம் நாள் ஒரு கிலோ நாற்பது. கோழி கண்ணைத் திறந்து பார்த்தது, கஞ்சியை அதுவே குடிக்கப் பார்த்தது, ஆனாலும் எண்கள் இறங்கின. கண்ணுக்குத் தெரிவதைவிட எழுதி வைத்ததைத்தான் இருளப்பன் நம்புவான்.

பதினாறாம் நாள் காலை, தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருக்க, எழுதினான்: தொள்ளாயிரத்து அறுபது.

நோட்டை மூடினான். சாணைக்கல்லில் தண்ணீர் தெளித்துக் கத்தியை இழுக்க ஆரம்பித்தபோது வடிவம்மாள் கஞ்சிக் கிண்ணத்தோடு வந்தாள்.

"காலங்காத்தால என்ன மண்டோரே, கத்தி?"

ஒரு கிலோவுக்குக் கீழே போய்விட்டது என்று சொல்லி நோட்டைக் காட்டினான். அவள் நோட்டைப் பார்க்கவில்லை. கிண்ணத்தை வைத்துவிட்டு, கோழியின் வயிற்றுக்குக் கீழே உள்ளங்கையைக் கொடுத்து இரண்டு தடவை தூக்கிப் பார்த்தாள். முப்பது வருஷம் கூடை சுமந்த கை.

"பொய்" என்றாள்.

"எழுதியிருக்கு. அது எப்படிப் பொய்யாவும்?"

"எழுதினதுதான் பொய். போன வாரத்துக்கு இப்ப கனம் லா. மாட்டுங்க பாப்போம்."

வீம்புக்கு மாட்டினான். முள் ஆடி நின்றது. ஒரு கிலோ இருநூறு. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தான். முள் நகரவில்லை. அவள் சத்தமாகப் படிக்கச் சொன்னாள். படித்தான். எழுதச் சொன்னாள். குனிந்து எழுதினான்.

வடிவம்மாளுக்கு எழுத்து வராது, எண் வரும். தராசடியில் வரிசையில் நின்று நின்று அவளாகக் கற்றுக்கொண்டது. எட்டிப் பார்த்தாள். அவனும் அப்போதுதான் பார்த்தான். கை மறுபடியும் தொள்ளாயிரத்து அறுபது என்று எழுதியிருந்தது.

வெளியூர் வாசகருக்கு இதைச் சொல்ல வேண்டும். மழையில் பறித்த கொழுந்தில் தண்ணீரும் எடைக்கு வரும். தூறல் என்றால் பத்தில் ஒரு பங்கு, கொட்டினால் இரண்டு பங்கு, ஈரக்கழிவு என்று தள்ளிவிட்டுத்தான் எழுத வேண்டும். நாற்பது வருஷமாக அவன் கண் முள்ளைப் பார்க்கும், காது தகரத்தில் மழையைக் கேட்கும், கை கழித்து எழுதிவிடும். நடுவில் மூளைக்கு வேலை கிடையாது. முதல் நாள் வெயில். கோழி எடை சரி. அப்புறம் பெய்த ஒவ்வொரு மழைக்கும் அவன் கோழியைக் கழித்துக்கொண்டே வந்திருக்கிறான்.

"கோழிக்கும் ஈரக்கழிவா?" என்று சொல்லிவிட்டு வடிவம்மாள் படியில் உட்கார்ந்தாள். சிரிப்பில் அவளுக்கு மூச்சு முட்டியது. கீழே லோரி ஹாரன் அடித்தது. அவளால் எழுந்திருக்க முடியவில்லை. லோரி போயே போய்விட்டது.

சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கோழிக்குக் கஞ்சி விட ஆரம்பித்தாள். அவனைப் பார்க்காமலே சொன்னாள்:

"மழ நாளு சரி மண்டோரே. வெயில் நாள்லயும் என் கூடைக்கு ஒரு கிலோ கழிச்சீங்களே. அது என்ன ஈரம்?"

6

முதல் பிரதியில் இந்தப் பகுதி இல்லை. 'கோழி தேறியது, வடிவம்மாளுக்கு நன்றி' என்று முடித்து டீச்சரிடம் கொடுத்தான். அவர் வாசித்துவிட்டு, அந்த அம்மா கேட்டதற்கு நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்டார். தாள் திரும்பி வந்துவிட்டது.

'எல்லார் கூடையிலும் அடியில் தண்டும் முற்றலும் கிடக்கும், அதனால்...' அடித்தான். வடிவம்மாள் கூடையில் ஒரு நாளும் கிடந்ததில்லை. கொட்டிப் பார்த்திருக்கிறான்.

'மேலே உத்தரவு அப்படி...' அடித்தான். அப்படி ஓர் உத்தரவு இல்லை. கழித்ததில் அவனுக்கு ஒரு இலையும் கிடைத்ததில்லை.

நான் யாரையும் நம்பினதில்லை, அவ்வளவுதான். கூடையைப் பார்த்ததுமே ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்று நினைத்துக் கழித்தேன். முப்பது வருஷம்.

(நான் என்று வந்துவிட்டது. அழிக்க ரப்பரை எடுத்தான். வேண்டாம், இருக்கட்டும்.)

அன்றைக்கு அவன் கத்தியைத் துடைத்து அலமாரியில் வைத்தான். தப்பு நடந்துபோச்சு என்று சொல்லலாம்தான். முப்பது வருஷத்துக் கூடைக்கு அந்தச் சொல் எடை காணாது. மறுநாள் காலை அவள் வந்ததும் கோழியைத் தூளியில் மாட்டினான். முள்ளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, நோட்டை விரித்து, "நீயே பாத்துச் சொல்லு வடிவு, நான் எழுதிக்கிறேன்" என்றான்.

முள் ஆடி நிற்கட்டும் என்று அவள் காத்திருந்தாள். பிறகு, "ஒன்னு எறநூத்தம்பது" என்றாள். அப்படியே எழுதினான். வெளியே கொட்டிக்கொண்டுதான் இருந்தது. கை இழுத்தது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எழுதினான்.

7

முடிவு.

டீச்சர் விரும்புவது: தை பிறந்த அன்று கோழி ஒரு முட்டையிட, இருளப்பன் அதைக் கொண்டுபோய் வடிவம்மாள் கையில் கொடுக்கிறான், இருவர் கண்ணிலும் நீர். அழகாக இருக்கிறது. ஆனால் கோழி முட்டையிடவில்லை. இந்த வயசில் அதனிடம் போய் அதைக் கேட்கவும் கூடாது.

இன்னொன்று: நன்றாகத் தேறி, ஒரு நாள் தூக்கத்திலேயே செத்துப்போகிறது. சாகவும் இல்லை. இப்போது இளங்கோழிகளுக்குத் தனித் தட்டு, அதற்குத் தனித் தட்டு. அது தின்று முடிக்கும்வரை இருளப்பன் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான். நெஞ்செலும்பு குத்துவதில்லை. மார்கழிக் குளிரில் ஒரு காலை, பெட்டியிலிருந்து தானாக இறங்கி நடந்து, படியில் நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்தது. அவன் சமையல்கட்டுக்குள் போய் அடுப்பை ஊதிக்கொண்டு நின்றான். புகை கண்ணில் பட்டது. இதை மலரில் போட வேண்டாம் என்று டீச்சரிடம் சொல்ல வேண்டும்.

மலருக்குத் தலைப்பு நன்றி. அந்தச் சொல்லை அவன் வடிவம்மாளிடம் இன்னும் சொல்லவில்லை. இரண்டு தடவை வாய்வரை வந்தது. அவள் கை சொன்ன கனத்துக்கும், போன லோரிக்கும், படியில் உட்கார்ந்து சிரித்த சிரிப்புக்கும், கேட்ட கேள்விக்கும் சேர்த்து அந்த ஒரு சொல் என்றால் கொடுக்கவே கூச்சமாக இருக்கிறது. செடியை மிதித்துக்கொண்டு நின்ற பெண் ஞாபகத்துக்கு வருகிறது.

அதனால் முடிவு என்று ஒன்றை அவன் எழுதவில்லை. இன்று காலை நடந்ததோடு விடுகிறான்.

இன்றும் மழை. கோழியை மாட்டிவிட்டுத் திரும்பி நின்றான்.

"ஒன்னு அறநூத்தம்பது" என்றாள் வடிவம்மாள். "கெழவி கொழுத்துட்டா."

நேற்று ஒன்று அறுநூறு. ஒரே ராத்திரியில் ஐம்பது கிராம் எங்கிருந்து வரும்? அவனுக்காக அவள் கூட்டித்தான் சொல்கிறாள் என்பது இருளப்பனின் சந்தேகம். பத்து நாளாகவே இந்தச் சந்தேகம் இருக்கிறது. திரும்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். தராசு அவன் முதுகுக்குப் பின்னால் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது. வேண்டுமானால் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். பார்த்தால் அவனிடம் வந்து சொல்ல வேண்டாம்.

ஒரு கிலோ அறுநூற்றைம்பது என்று எழுதினான். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, முள்ளைத் திரும்பிப் பார்க்காமல், குடையில்லாமல், லயத்துக் கோடியை நோக்கி நடந்தான்.

"அம்பது கிராம் கூடத்தான். இருக்கட்டும்" என்று நடந்துகொண்டே சொன்னான், யாருக்கும் கேட்காமல்.