ரீத்தம்மாளுக்கு ஏறிய கரண்டு

பெலார்மினின் விசைப்படகில் உண்டாகும் மின்சாரம் படகின் பேட்டரிக்குப் போகாமல், குளச்சலில் வீட்டிலிருந்த அவன் மனைவி ரீத்தம்மாளுக்குப் போய்க்கொண்டிருந்தது. கல்யாணம் ஆன வாரத்திலிருந்தே அப்படித்தான். படகுக்குப் புது எஞ்சின் வைத்ததும் அதே வாரம்.

அவனுக்கு இது தெரியாது. கடலில் இரண்டாம் நாளே ஜிபிஎஸ் அணைந்துபோகும், வயர்லெஸ் கரகரத்து அடங்கும், விளக்குகள் மஞ்சளாகிச் சாகும். பேட்டரியில்தான் கோளாறு என்று நினைத்து மாற்றினான். புது பேட்டரியும் அதே மாதிரி இறங்கியது. அதற்குப் பிறகுதான் படகுகளுக்கு வயரிங் வேலை பார்க்கும் வின்சிலாஸைக் கூப்பிட்டான்.

வின்சிலாஸ் முதலில் பெல்ட்டை அழுத்திப் பார்த்தான். இறுக்கமாக இருந்தது. டைனமோவில் மீட்டரை வைத்தான். பதினான்கு வோல்ட், குறையில்லாமல் வந்தது. பேட்டரியில் வைத்தான். ஒன்றும் ஏறவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஓடிய வயரை விரலால் தடவிக்கொண்டே போனான். அறுந்த இடம் எதுவும் இல்லை.

“கரண்டு கிளம்புது, வந்து சேரலை. அப்போ வழியில வேற ஆரோ எடுக்காவ” என்றான். மீட்டரைத் துடைத்துப் பைக்குள் வைத்துவிட்டு, “அண்ணே, நீங்க கடல்ல கிடக்கும்போது கரையில ஆரு ரொம்ப நல்லா இருக்காவ?” என்று கேட்டான்.

பெலார்மின் யோசித்தான். உடனே ஒரு பதில் நெஞ்சில் தைத்தது. அவன் கண் தன்னையறியாமல் வீட்டுப் பக்கம் போனது.

அவன் வீட்டில் இருக்கும் நாட்களில் ரீத்தம்மாள் சுவரில் சாய்ந்தே இருப்பாள். அவன் கரையேறும் அன்று சிரித்த முகமாகத்தான் வாசலுக்கு வருவாள். மறுநாள் பேச்சு குறையும். அதற்கடுத்த நாள் சோற்றைப் போட்டுவிட்டுக் குழம்பை ஊற்ற மறந்து கரண்டியோடு நின்றுவிடுவாள். ஆனால் அவன் கடலுக்குப் போனதும் அவள் வீட்டுக்கு வெள்ளையடித்ததையும், கோயில் திருவிழாவில் பாட்டுக்குழுவை நடத்தியதையும், பக்கத்து வீட்டுக்காரியின் கிணற்றைத் தனியாக இறைத்துச் சுத்தம் செய்ததையும் ஊரே அவனிடம் சொல்லியிருந்தது. சொல்லிவிட்டு அவன் முகத்தை ஒரு மாதிரி பார்த்தது. என்னை இவளுக்குப் பிடிக்கவில்லை என்ற முடிவுக்கு அவன் வந்து நாளாகியிருந்தது. யாரிடமும் சொல்லிக்கொள்ளக்கூடிய விஷயம் இல்லை என்பதால் வலையைத் தைத்துக்கொண்டு கிடந்தான்.

“ஒரு சோதனை போட்டுப் பாப்போம்” என்றான் வின்சிலாஸ்.

படகை ஏசுபாலன் எடுத்துக்கொண்டு போனான். பெலார்மினோடு நெடுங்காலமாகத் தொழிலுக்கு வருகிறவன் அவன். பெலார்மினும் வின்சிலாஸும் வீட்டுக்கு வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். ரீத்தம்மாள் அடுப்படிச் சுவரில் சாய்ந்து, உரித்த உள்ளி ஒன்றைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏசுபாலன் போனில் வந்தான். துறைமுகத்தைத் தாண்டிவிட்டதாகவும் எஞ்சினை முறுக்கப்போவதாகவும் சொன்னான்.

கொஞ்ச நேரத்தில் அவள் நிமிர்ந்தாள். மிச்சமிருந்த உள்ளியை மளமளவென்று உரித்தாள். மீன் கழுவினாள், அம்மியில் மசாலா அரைத்தாள், அரைத்துக்கொண்டே ஒரு பாட்டை முணுமுணுத்தாள். திரும்பிப் புருஷனைப் பார்த்து, “என்ன, வீட்டுக்கு விருந்துக்காரங்க மாதிரி உக்காந்திருக்கிய?” என்று சொல்லிச் சிரித்தாள். வாய்விட்டுச் சிரித்தால் அவளுக்கு இடது கன்னத்தில் குழி விழும் என்பது பெலார்மினுக்கு அப்போதுதான் தெரிந்தது.

வின்சிலாஸ் எழுந்துபோய், “மைனி, கையைக் காட்டுங்க” என்றான். மீட்டரின் சிவப்பு முனையை வலது வளையலிலும் கறுப்பு முனையை இடது வளையலிலும் வைத்தான். பதினான்கு வோல்ட்.

“கோளாறு இங்கதான் இருக்கு” என்றான்.

ரீத்தம்மாள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். “நான் கோளாறா? நீங்க கடலுக்குப் போனா எனக்குக் கையும் காலும் ஓடும். நீங்க வந்தா ஒவ்வொண்ணா நின்னுபோகும். ஊருல என்ன சொல்லுதாவ தெரியுமா? புருஷன் தலை மறைஞ்சா இவளுக்குக் கொண்டாட்டம்னு சொல்லுதாவ. நீங்களும் அதைத்தானே நினைச்சிய?”

பெலார்மின் தரையைப் பார்த்தான்.

“பேச எனக்கும் ஆசைதான். பேச்சு ஏற மாட்டேங்கு” என்றாள் அவள்.

சரிசெய்வது சுலபம் என்று வின்சிலாஸ் சொன்னான். எஞ்சின் வைத்த வாரத்தில் யாரோ ஓர் இணைப்பை மாற்றி முறுக்கியிருக்கிறார்கள். அந்த முறுக்கைப் பிரித்துவிட்டால் கரண்டு ஒழுங்காகப் பேட்டரிக்குப் போகும்.

“அப்போ இவளுக்கு?” என்று பெலார்மின் கேட்டான்.

“இறங்கிப்போவும் அண்ணே. பொறவு ஏறாது.”

பெலார்மின் அந்த முறுக்கைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டான். பேட்டரிக்குக் கரையிலேயே சார்ஜ் போட்டுக்கொண்டு கடலுக்குப் போனான். சிக்கனமாகச் செலவழித்தால் போதும் என்பது அவன் கணக்கு. வயர்லெஸை அணைத்து வைத்தான். ஜிபிஎஸ்ஸை அவ்வப்போது கண் திறக்கவிட்டு மூடினான்.

மூன்றாம் நாள் பகலில் மழை பிடித்தது. எதிரில் நிற்பவன் தெரியாத மழை. பேட்டரி முற்றிலும் இறங்கியிருந்தது. அந்த மழைக்குள்ளிருந்து ஒரு கப்பல் வந்தது. கோயில் கோபுரம் உயரத்துக்கு அதன் முகப்பு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தது. விளக்கில்லை, வயர்லெஸ் இல்லை. எல்லோரும் சோறு வடிக்கும் சருவத்தையும் மூடியையும் தட்டிக் கத்தினார்கள். பெலார்மின் சுக்கானை முழுக்க ஒடித்தான். கப்பல் படகின் பின்புறத்தை ஒட்டிக் கடந்துபோனது. அது எழுப்பிய அலையில் ஐஸ் பெட்டிகள் கடலில் போயின. கப்பலில் யாரும் அவர்களைப் பார்க்கவே இல்லை.

கரைக்கு வந்ததும் ஏசுபாலன் தன் துணிப்பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

“அண்ணே, மைனி நல்லா இருக்கணும். எங்க வீட்டுலயும் பொம்பளைங்க இருக்காவ” என்று மட்டும் சொன்னான்.

விஷயம் ரீத்தம்மாளுக்கு அன்று மாலையே எட்டியது. அவளிடம் இன்னும் பாதி சார்ஜ் இருந்தது. அதைச் செலவழித்து ஒரே மூச்சில் சொன்னாள். “அறுத்துப் போடுங்க. நான் சுவரோட கிடந்துக்கிடுதேன். நீங்க உயிரோட வந்து எதுத்தாப்புல உக்காந்தா போதும்.”

“நான் வந்து உக்காருறதுக்கு அந்தப் பக்கம் ஆளு வேணுமே” என்றான் பெலார்மின்.

மறுநாள் காலையில் வின்சிலாஸ் வந்தான். வாசலில் நின்றே யோசித்தான்.

“ஏறுற இடத்துல இருந்து எடுக்கவும் செய்யலாம். பேட்டரி கரையில இருக்கதுதான் பிரச்சனை. அதைப் படகுல ஏத்திருவோம்” என்றான்.

ரீத்தம்மாள் மாற்றுச்சேலைகளையும் ஒரு தலையணையையும் எடுத்துக்கொண்டு படகில் ஏறினாள். பழைய பேட்டரி இருந்த இடத்தில் பலகை போட்டு மேலே பாய் விரித்தார்கள். வின்சிலாஸ் வளையல்களில் கிளிப்புகளை மாட்டினான். பெலார்மின் சாவியைத் திருப்பினான். செல்ஃப் ஒரே இழுப்பில் எடுத்தது. ரீத்தம்மாளுக்கு லேசாகத் தலை சுற்றியது, அவ்வளவுதான். எஞ்சின் ஓட ஓட அவளுக்கு ஏறியது, அவளிடமிருந்து விளக்குகளுக்கும் ஜிபிஎஸ்ஸுக்கும் வயர்லெஸுக்கும் போனது. இதைப் பார்த்துவிட்டு ஏசுபாலன் துணிப்பையோடு திரும்பி வந்து ஏறிக்கொண்டான்.

முதல் நாளிலேயே ஒரு சிக்கல் வந்தது. அவள் வைத்த குழம்பில் உப்பு போதவில்லை என்று பெலார்மின் சொன்னபோது முன்விளக்கு வெடித்துவிட்டது. வின்சிலாஸ் கரையிலிருந்து வயர்லெஸில் வழி சொன்னான். அதன்படி நடுவில் ஒரு ஃபியூஸ் போட்டார்கள். அதன் பிறகு அவள் கோபப்பட்டால் ஃபியூஸ் மட்டும் போகும். பெலார்மின் வேறொன்று மாற்றிவிட்டு மன்னிப்புக் கேட்பான்.

மற்ற படகுக்காரர்களோடு வயர்லெஸில் அவளே பேசினாள். எங்கே மீன் கிடக்கிறது, எந்தப் பக்கம் கப்பல் வருகிறது என்பதையெல்லாம் கேட்டுச் சொன்னாள். வேலை இல்லாத பொழுதில் பெலார்மின் சுக்கானை ஏசுபாலனிடம் கொடுத்துவிட்டு, அவள் எதிரில் வந்து உட்கார்ந்தான். கல்யாணமான நாளிலிருந்து சேர்ந்துகிடந்த பேச்சு இரண்டு பேரிடமும் இருந்தது. அவள் சின்ன வயதில் கீழே விழுந்து முட்டியில் தையல் போட்டதை அவன் கடலில் வைத்துத்தான் கேட்டான்.

வலை நிறைந்து திரும்பினார்கள். முட்டம் ஊருக்கு நேராக வந்தபோது, கலங்கரை விளக்கம் பாறையிலிருந்து இறங்கி இடுப்பளவு தண்ணீரில் குளித்துக்கொண்டிருந்தது. பகல் நேரம், அதற்கு வேலை இல்லை. பெலார்மின் எஞ்சினைக் குறைத்து, அலை அடிக்காமல் ஒதுங்கிச் சுற்றிக்கொண்டு போனான். ஏசுபாலன் மரியாதைக்கு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டான்.