தொட்டிக்குள் வெள்ளை இழைகள்

தையல்காரர் முதலில் அதை நூல் என்றுதான் நினைத்தார். செய்கிற வேலை அப்படி. சட்டையிலோ தலைமுடியிலோ ஒட்டியிருந்தது, தீனி போடக் குனிந்தபோது மீன்தொட்டிக்குள் விழுந்திருக்கும் என்று விட்டுவிட்டார். ஆனால் அந்த நூல் நெளிந்தது. கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தால், கூழாங்கல் இடுக்கிலிருந்து இன்னொன்று, அதன் பின்னால் இன்னொன்று, மயிரிழை கனத்தில் வெள்ளை வெளேரென்று எழுந்து, வெயில் இறங்கிய தண்ணீரில் அரைத்தூக்கத்தில் இருப்பவைபோல ஆடின. எவ்வளவு நேரம் அப்படியே நின்றார் என்று அவருக்கே தெரியாது. அழகாகத்தான் இருந்தன, சனியன்கள்.

வீட்டில் இப்போதெல்லாம் சத்தம் என்றால் அந்தத் தொட்டியின் மோட்டார்தான். போன மாதம் விருந்தாளிகள் முன்னால் மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, அவளுக்கு என்ன தெரியும் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். விருந்தாளிகளும் சிரித்தார்கள். அன்று வாயை மூடியவள்தான். மருந்துக்கடை வேலையில் அரைநாள் பேசிவிட்டு வருகிறவள், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பேச்சையும் கழற்றி வைத்துவிடுகிறாள். சாப்பாடு மேஜையில் இருக்கும், ஆள் அறைக்குள் இருப்பாள். முந்தாநாள் அக்காவிடம் போனில், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், எத்தனை நாள் என்று மட்டும் கேட்காதே என்று இவர் காதில் விழும்படியே சொன்னாள். அதைக் கேட்டதிலிருந்து இவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவள் போய்விடுவாள் என்று பயமாக இருந்தது.

இதில் புழு வேறு. இருவரும் சேர்ந்து போய் வாங்கிய மீன்கள். அவையும் செத்துத் தொலைந்தால் வீட்டில் என்ன மிச்சம்? சனிக்கிழமை நாலைந்து புழுக்களைத் தண்ணீரோடு ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு மீன்கடைக்குப் போனார்.

கடைக்காரர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுக் கொட்டாவி விட்டார். இது மீனை ஒன்றும் செய்யாது, மருந்து கிருந்து எதுவும் வேண்டாம், மிச்சத் தீனி கல்லுக்கடியில் அழுகினால் வருகிற புழு என்றார். குழாய் வைத்துக் கல்லைச் சுத்தம் செய்துவிட்டு, மீன்களை இரண்டு நாள் பட்டினி போடச் சொன்னார். தையல்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. காலையில் ஒரு சிட்டிகை, அதற்குமேல் ஒரு துகள் போட்டதில்லை என்றார்.

"அப்ப வீட்ல வேற யாரோ போடுறாங்க சார்."

வேறு யார் போடப்போகிறார்கள்? தொட்டியும் ஆச்சு நீங்களும் ஆச்சு என்று என்றைக்கோ ஒதுங்கிக்கொண்டவள் அவள். மனதுக்குள் கடைக்காரரைத் திட்டிக்கொண்டே மத்தியானம் வீட்டுக்குள் நுழைந்தார். மனைவி தொட்டி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் தீனி டப்பா, மறு கையில் ஒரு சிட்டிகை.

"என்ன பண்றே?"

அவள் திரும்பவில்லை. "உங்களுக்குத்தான் இதுங்க ஞாபகமே இல்லையே. தினம் மத்தியானம் வந்தா பசியில கண்ணாடியில வந்து முட்டுதுங்க."

"நான் தினமும் காலையில போடுறேன்."

அவள் கை அப்படியே நின்றது.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே," என்றார்.

"யார்கிட்ட?"

"தப்பு என்மேலதான். அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது," என்றார். அவள் சிட்டிகைத் தீனியை டப்பாவிலேயே திரும்பப் போட்டுவிட்டு, அவர் கையிலிருந்த பாட்டிலில் என்ன என்று கேட்டாள். கடைக்காரர் சொன்னதை எல்லாம் சொன்னார்.

அவள் கையைத் துடைத்துவிட்டுப் போய் வாளியை எடுத்து வந்தாள். குழாயின் ஒரு முனையை அவள் கல்லுக்குள் நுழைக்க, மறுமுனையை அவர் வாளியில் பிடித்துக்கொண்டார். கசடும் புழுவுமாக வாளி நிறைந்தது. தொட்டி முழுக்கக் கலங்கி, மீன்கள் இருக்கிற இடமே தெரியவில்லை.

"ரெண்டு நாள் ஒண்ணும் போடக் கூடாதாம்," என்றார்.

அவள் டப்பாவின் மூடியை இறுக்கினாள். "நீங்க போட வேண்டாம். திங்கக்கிழமை நானே போடுறேன்."

நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறதே என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. அவர் கேட்கவில்லை. இருவரும் ஈரத்தரையிலேயே உட்கார்ந்தார்கள். கலங்கலுக்குள்ளிருந்து மெல்ல ஒரு மீன் வந்தது. அவள் முகத்துக்கு நேராக வாயைத் திறந்து மூடியது. பிறகு நகர்ந்து வந்து, அவர் முகத்துக்கு நேராகவும் திறந்து மூடியது.