அடங்கலில் வளர்ந்த புகையிலை

படிவத்தில் ஒரே ஒரு கேள்விதான் என்னைத் தடுக்கி விழ வைத்தது. ‘உங்களுக்கோ குடும்பத்தினருக்கோ புகையிலையிலிருந்து வருமானம் உண்டா?’ இல்லை என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போயிருக்க வேண்டியவள் நான். இருபது வருடமாகத் தஞ்சாவூரில் மருத்துவ மாணவர்களுக்குப் புகையிலை ஒழிப்பு பற்றி வகுப்பெடுக்கிறேன். மாநில ஆலோசனைக் குழுவில் என்னைச் சேர்ப்பதற்காக வந்த படிவம் அது.

கெட்ட நேரம், சிங்கப்பூரிலிருக்கும் தம்பி பிரபு கேட்டான் என்று அதே வாரம் எங்கள் நிலத்தின் அடங்கல் நகலை வாங்கியிருந்தேன். எந்த வயலில் எந்த வருடம் என்ன பயிர் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதிவைக்கும் கணக்கு. வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் எங்கள் இருவர் பேரிலும் இரண்டு ஏக்கர் மணல் நிலம் உண்டு. அப்பா காலத்திலிருந்து ரெத்தினம் குத்தகைக்குச் செய்கிறார்; என்ன பயிர் என்று நான் கேட்டதே இல்லை. பயிர் என்ற கட்டத்தில் புகையிலை. அடுத்த வருடமும் புகையிலை. போன வருடமும் புகையிலை.

குழுவுக்கு என்னைக் கூப்பிட்டதே ஒரு கட்டுரைக்காக. கடலோரத்துப் பதினான்கு கிராமங்களின் பத்து வருட அடங்கலைக் கூட்டிக் கழித்து, ‘மாற்றுப் பயிர்த் திட்டம் தோற்றது, புகையிலை ஒரு காணிகூடக் குறையவில்லை’ என்று காரசாரமாக எழுதியிருந்தேன். அந்தக் கணக்கில் எங்கள் நிலமும் இருந்திருக்கிறது! ஊருக்குத்தான் உபதேசம் என்று காறித் துப்புவார்கள். உண்மையை எழுதினால் குழு போச்சு, மறைத்தால் தூக்கம் போச்சு.

சனிக்கிழமை பஸ் ஏறினேன். ரெத்தினத்தை என்னென்ன கேட்பது என்று வழியெல்லாம் மனசுக்குள் திட்டிப் பழகிக்கொண்டே போனேன். மாசி மாதம், புகையிலை நிற்க வேண்டிய நேரம். போய்ப் பார்த்தால் வயல் முழுக்கக் கடலை.

“என்னண்ணே, புகையிலை எங்க?”

“புகையிலையா? அது ஏதுங்க டாக்டரம்மா? கஜா புயலோட அத விட்டாச்சே. இலை உணத்துற கொட்டாய் பறந்து போச்சு. மறுபடி யாரு கட்டுறது?”

நகலை நீட்டினேன். அவர் மனைவி அமிர்தம் அதை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்.

“வயலுக்கு வந்து பாத்தாத்தானேங்க தெரியும்? போன வருசத்தப் பாத்து இந்த வருசம் எழுதிக்கிறாங்க. யாரு போயி மல்லுக்கு நிக்கிறது?”

அப்பாடா என்று வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அமிர்தம் ஒரு செடியைப் பிடுங்கி, மண்ணை உதறி, கை நிறையக் கடலை கொடுத்தார்.

நாலாவது கடலையை உரிக்கும்போதுதான் உறைத்தது. எங்கள் அடங்கல் பொய் என்றால் மற்ற அடங்கல்கள் மட்டும் என்ன வாழ்ந்தது?

“ஊர்ல மத்தவங்க என்ன போடுறாங்க?”

“மல்லி, மொளகா, மாங்கன்னு. புகையிலைய யாரும் சீண்டுறதில்லீங்க.”

அன்றும் மறுநாளும் ரெத்தினத்தின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து ஒன்பது கிராமங்களைச் சுற்றினேன். புகையிலையைக் கண்ணால் பார்த்தது இரண்டே வயலில். எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. இத்தனை வருடம் எது போகவேண்டும் என்று தொண்டை கிழியக் கத்தினேனோ, அது என்னைக் கேட்காமலே போயிருக்கிறது.

திங்கட்கிழமை குழுத் தலைவர் குணசேகரனைப் போனில் பிடித்தேன்.

“சார், எனக்குப் புகையிலை வருமானம் இல்லைங்க. ஆனா நீங்க என்னைக் கூப்பிட்டது எந்தக் கட்டுரைக்காகவோ, அது தப்பு. திருத்தம் எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பிட்டேன்.”

“தப்புன்னா?”

“பெரும்பாலும் புகையிலை போயிடுச்சு சார். நான்தான் போய்ப் பாக்கல.”

“நல்ல சேதியத்தானம்மா சொல்றீங்க? எழவு சொல்ற மாதிரி ஏன் சொல்றீங்க? வாங்க. வயலப் பாத்த ஆளு ஒருத்தராவது குழுவுல இருக்கட்டும்.”

“நான் போனது என் பேரைக் காப்பாத்திக்கத்தான் சார்.” அதையும் சொல்லிவிட்டேன்.

“எதுக்குப் போனா என்னம்மா, போனீங்கல்ல?”

போனை வைத்துவிட்டுப் படிவத்தில் ‘இல்லை’ என்று எழுதினேன். இந்தத் தடவை பார்த்துவிட்டு எழுதினேன்.